கோவிலூர்ச் சாலைச் செபக்காரரைப் பார்க்கப் போனோம்

நாங்கள் போய்வந்தது தெரிந்து, காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் செபக்காரரைப் பற்றிக் கேட்டுப் பலர் எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள். எப்படிப் போவது, எவ்வளவு ஆகும், தங்க இடம் உண்டா, உண்மையிலேயே குணமாகிறதா என்று கேள்விகள். நான் தபால் ஆபீஸ் குமாஸ்தா. நாளெல்லாம் பிறர் கடிதங்களோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து இத்தனை பேருக்குத் தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை. அதனால் எல்லாருக்கும் சேர்த்து இந்தக் கட்டுரை. நேரம், கட்டணம், தூரம் எல்லாம் அன்றன்றைக்கே நோட்டில் குறித்தவை. கடைசிக் கேள்விக்கு மட்டும் என் நோட்டில் பதில் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

நாங்கள் போனது இந்த 1935-ஆம் வருஷம் தை மாதம், பொங்கல் கழிந்த இரண்டாவது வியாழக்கிழமை. காரணம் என் மனைவி எஸ்தரின் கழுத்து. நாலு வருஷத்துக்கு முன் எலுமிச்சம்பழ அளவில் ஒரு வீக்கம் வந்தது. வலி இல்லாததால் விட்டுவிட்டோம். போன ஐப்பசிக்குள் அது விளாம்பழம் அளவுக்கு வளர்ந்து, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்ட ஆரம்பித்தது. மதுரையில் பெரிய டாக்டரிடம் காட்டினோம். "அறுத்து எடுத்துவிடலாம். ஆனால் குரலுக்குப் போகிற நரம்பு அதை ஒட்டி ஓடுகிறது. குரல் போனாலும் போகலாம், இப்போதே உறுதி சொல்ல முடியாது" என்றார்.

எஸ்தர் எங்கள் கோவில் பாடகர் குழுவில் முதல் குரல். பதினாலு வயதிலிருந்து பாடுகிறாள். டாக்டர் சொன்னதைக் கேட்டதும் எழுந்து வெளியே வந்துவிட்டாள். "குரல் போயிட்டா நான் யாரு?" என்று வழியில் ஒரு முறை கேட்டாள். அதோடு சரி, ஆபரேஷன் என்ற பேச்சையே எடுக்க விடவில்லை. எங்கள் தெருவில் தயிர் கொடுக்கிற அம்மாள் சொல்லித்தான் இந்தச் செபக்காரரைப் பற்றிக் கேள்விப்பட்டாள். பெந்தெகொஸ்தேக்காரர், தலையில் கை வைத்துச் செபிப்பார், ரங்கூனிலிருந்து வந்தவர் என்று. எங்கள் சபையில் அந்தக் கூட்டத்தாரைப் பற்றி நல்ல பேச்சு கிடையாது. மருந்து சாப்பிடக் கூடாது என்பார்கள், புரியாத பாஷையில் கத்துவார்கள் என்று போதகர் சொல்லியிருக்கிறார். எனக்கும் அதே எண்ணம்தான். ஆனாலும் மூன்று நாள் லீவு போட்டேன். அவளுக்காகச் செய்ய என்னிடம் வேறெதுவும் இல்லை.

மதுரையிலிருந்து காலை 6.40-க்கு ரயில். மானாமதுரையில் 8.05-க்கு இறங்கி வண்டி மாற வேண்டும். ஐம்பத்தைந்து நிமிஷம் காத்திருக்கணும். இட்லி வாங்கிக்கொள்ளுங்கள், காரைக்குடி ஸ்டேஷனில் எங்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. காரைக்குடி சேரும்போது 11.20. மூன்றாம் வகுப்பில் ஆளுக்கு ஒரு ரூபாய் ஆறணா. பாதை போட்டுச் சில வருஷந்தான் ஆகிறது, பெட்டிகள் சுத்தமாக இருக்கின்றன. ஜன்னல் பக்கம் கிடைத்தால் கரிப்புகைக்கு முக்காடு போட்டுக்கொள்ளவும். எஸ்தர் வழி நெடுக இருமிக்கொண்டே வந்தாள்.

ஸ்டேஷனிலிருந்து கடைத்தெரு வரை ஜட்கா. அங்கிருந்து பிள்ளையார்பட்டி போகிற பஸ். ஆள் நிரம்பினால்தான் எடுப்பார்கள், எங்களுக்கு நாற்பது நிமிஷம் ஆயிற்று. பஸ்ஸில் பாதிப் பேர் பிள்ளையாருக்குப் போகிறவர்கள், தேங்காய்ப் பையும் மாலையுமாக. டிரைவர் ஒரு ராவுத்தர். முன்பக்கம் இஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவரிடம் நான் மட்டும் இறங்கிப் போய், செபக்காரர் இருக்கும் இடத்தைக் கேட்டேன்.

"செபக்காரரு கொட்டாய்க்கா? கோவிலூர் தாண்டி கண்மாய் விலக்குல எறக்கி விடுறேன். அங்குட்டு மாட்டு வண்டி நிக்கும். எங்க அத்தாவ அங்கதேன் கொண்டுபோனோம், பக்கவாதம் வந்தப்ப."

"குணமாயிற்றா?"

"அந்த மனுசன் ரெண்டு நாளு செபம் பண்ணுனாக. அப்புறம் வண்டியில ஏத்திக் காரைக்குடி ஆஸ்பத்திரியில சேத்துட்டு, அங்கயே கஞ்சியும் கொண்டாந்து குடுத்தாக. அத்தா இப்ப கம்பு ஊண்டி நடக்குறாக."

எனக்குக் குழப்பமாகிவிட்டது. செபத்தால் குணமாக்குகிறவர் ஆஸ்பத்திரிக்கு ஏன் கொண்டுபோகிறார்? கேட்டேன். "அதப் போயி அவுககிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டு டிரைவர் இஞ்சினைச் சுழற்றப் போய்விட்டார். இதை எஸ்தரிடம் நான் சொல்லவில்லை.

கோவிலூர் மடமும் கோயிலும் காரைக்குடியிலிருந்து மூன்று மைல். அதைத் தாண்டி ஒன்றரை மைலில், மண்பாதை பிரிகிற இடம்தான் விலக்கு. கட்டணம் இரண்டணா. புளியமரத்தடியில் சொன்னபடியே ஒரு கூண்டு வண்டி நின்றது. வண்டிக்காரர் பெயர் கருப்பையா. அறுபது வயதிருக்கும். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். எஸ்தர் இறங்கி வரும்போதே அவள் கழுத்தைப் பார்த்துவிட்டார்.

"தாயி, படுத்தா மூச்சு முட்டுதா?"

"ஆமா."

"எத்தன தலகாணி வச்சுப் படுக்குறீக?"

"மூணு."

"எம்புட்டு நாளா மூணு?"

வண்டிக்காரருக்கு எதற்கு இந்த விசாரணை என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அவள் பதில் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு, வைக்கோல் மூட்டையைச் சாய்மானமாகப் போட்டு அவளை உட்காரவைத்தார். கொட்டகை வரை ஒரு மைல் மண்பாதை. வண்டிக்குக் காசு கிடையாது. நான் நீட்டிய நாலணாவை அவர் கண்டுகொள்ளவே இல்லை.

கண்மாய்க் கரைக்குக் கீழே நீளமான ஓலைக்கொட்டகை. நடுவில் தட்டி வைத்து ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம் பிரித்திருக்கிறார்கள். நாங்கள் போன அன்று நோயாளிகள் ஏழு பேர். செபக்காரர் என்றதும் நான் தாடியும் அங்கியுமாக ஒருவரைக் கற்பனை செய்திருந்தேன். பின்பக்க அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தவரோ குட்டையான, வழுக்கைத் தலை மனிதர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. முழங்கை வரை எண்ணெய் தெறித்த பழைய தழும்புகள்.

"வாங்க, வாங்க. சாப்புட்டீகளா? கஞ்சி இருக்கு, பருப்புத் தொவையல் இருக்கு. மொதல்ல சாப்புடுங்க, நோவெல்லாம் அப்புறம் பேசலாம்."

அவர் பெயர் யோவான். பழைய பெயர் முத்தையா. பக்கத்து ஊர்க் குடியானவர் வீட்டுப் பிள்ளை. அவர் கதையை அன்று சாயங்காலம் கஞ்சிப் பானையைத் துழாவிக்கொண்டே அவரே சொன்னார். அவர் மனைவி பாக்கியம் அம்மாள் பக்கத்தில் கீரை ஆய்ந்தபடி, விட்டுப்போனதை எடுத்துக் கொடுத்தார்.

பதினெட்டு வயதில் ரங்கூனுக்குப் போயிருக்கிறார், செட்டியார் வட்டிக்கடை ஒன்றில் சமையலுக்கு. மூன்றாம் வருஷம் கால் வீங்கி, நெஞ்சு படபடத்து, நடக்க முடியாமல் போயிற்று. ஊருக்கு அனுப்பிவிடலாம், கப்பலிலேயே போய்விட்டாலும் போகட்டும் என்று பேசிக்கொண்டார்களாம். அப்போது துறைமுகத்தில் மூட்டை தூக்கும் தமிழர் ஒருவர் அவரை முதுகில் சுமந்து, ஒரு சந்துக்குள் இருந்த ஜெபவீட்டுக்குக் கொண்டுபோனார். பெந்தெகொஸ்தேக்காரர்கள் நடத்திய வீடு அது. அங்கேயே வைத்துச் சோறு போட்டு, ராப்பகலாகச் செபித்தார்கள். சில வாரத்தில் எழுந்து நடந்தார். ஏரியில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்து, புதுப் பெயரோடும் ஒரு வேதப்புத்தகத்தோடும் ஊர் திரும்பினார்.

"படிக்கத் தெரியாது. புத்தகத்த நெஞ்சுல அணைச்சுக்கிட்டே வந்துட்டேன்" என்றார்.

"நாந்தேன் எழுத்துக் கூட்டச் சொல்லிக் குடுத்தேன்" என்றார் பாக்கியம் அம்மாள். "'ழ' இன்னும் வரல இவுகளுக்கு."

ஊரில் முதலில் ஒரு பிள்ளையின் காக்காவலிப்பு நின்றது. பிறகு ஒரு கிழவியின் கண். பேச்சுப் பரவி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு பெந்தெகொஸ்தே சபையார் வந்து அவருக்கு ஊழியர் பட்டம் கொடுத்தார்கள். ஒரு காலத்தில் நாளைக்கு நாற்பது பேர் வந்ததாகப் பாக்கியம் அம்மாள் சொன்னார். "இப்ப ஏன் குறைஞ்சிட்டாங்க?" என்று கேட்டேன். செபக்காரர் பானையை இறக்கி வைத்தார். "அது வேற கத" என்றார். பிறகு பரிமாறப் போய்விட்டார்.

செபம் எப்படி என்று கேட்பவர்களுக்கு: காலை, மத்தியானம், சாயங்காலம் மூன்று வேளை. பாட்டு, பிறகு முழங்காலில் நின்று செபம். பிறகு ஒவ்வொருவர் தலையிலும் கை வைப்பார். சில நேரம் அவர் வாயிலிருந்து வருவது தமிழ் இல்லை. எனக்கு முதல் நாள் கூச்சமாக இருந்தது, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எஸ்தர் அப்படி இல்லை. அவள் முகம் பல மாதங்களுக்குப் பிறகு தெளிந்திருந்தது. ராத்திரி நன்றாகத் தூங்கியதாகச் சொன்னாள், உட்கார்ந்தபடியேதான்.

மறுநாள் காலை ஒரு மோட்டார் கார் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர் செட்டியார் வீட்டு ஆச்சி ஒருவர். நெற்றி நிறைய விபூதி, கையில் பிள்ளையார்பட்டிப் பிரசாதம். ரங்கூனில் செபக்காரர் சமைத்தது இவர்கள் வீட்டுக் கடையில்தானாம். கொட்டகை நிற்கிற இடமும் வண்டி மாடுகளும் இவர் கொடுத்தவை. நாற்காலி போட்டு உட்காரவைத்து, முழங்காலில் கை வைத்துச் செபக்காரர் செபித்தார். ஆச்சி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஆச்சரியமாகப் பார்ப்பதைக் கவனித்துவிட்டார் போல.

"என்ன தம்பி பாக்குறீக? பிள்ளையாருக்கும் போறேன், இங்குட்டும் வாரேன். அவுகளுக்குள்ள ஒரு சண்டையும் இல்ல. எனக்குத்தேன் முட்டு வலிக்குது."

கொட்டகையே சிரித்தது. எஸ்தரும் சிரித்தாள், சிரித்ததில் மூச்சு வாங்கிற்று. ஆச்சி அவள் கழுத்தைப் பார்த்துவிட்டு, பிரசாதத்தில் பாதியைப் பாக்கியம் அம்மாள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று மத்தியானச் செபம் முடியும் தறுவாயில்தான் அது வந்தது. எஸ்தர் முழங்காலிலிருந்து எழப் பார்த்தாள், முடியவில்லை. மூச்சு இழுக்கும்போது விசில் போல ஒரு சத்தம். உதடு கறுத்துவிட்டது. நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். செபக்காரர் அவள் தலையில் இரண்டு கையையும் வைத்துக் கண்ணை மூடி, உரக்கச் செபிக்க ஆரம்பித்தார். பெண்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே அவள் மூச்சு எனக்குக் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. நிறுத்துங்கள் என்று சொல்லவும் நாக்கு எழவில்லை. ஒருவேளை இதோ சரியாகிவிடுமோ என்ற நப்பாசை.

வெளியே மாட்டு மணிச் சத்தம் கேட்டது. கருப்பையா வாசலில் வந்து நின்றார்.

"ஏறுங்க" என்றார்.

செபக்காரர் செபத்தைப் பாதி வார்த்தையில் நிறுத்தினார். கையை எடுத்தார். எஸ்தர் தலையை ஆட்டினாள், வரமாட்டேன் என்று. மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னாள்: "இன்னிக்கு ஒரு நா... சாயந்தரச் செபம்..."

"அவரு மாட்டப் பூட்டிட்டாரு தாயி. இனிமே நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. ஏறு" என்றார் செபக்காரர்.

"அப்ப உங்களுக்கு... விசுவாசம் இல்லையா?"

செபக்காரர் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "இருக்கு. எம்புட்டு இருக்குன்னு எனக்கே தெரியாது. ஒருதடவ நெறைய இருக்குன்னு நெனச்சுட்டேன். இந்தா நிக்கிறாரே, இவரு மக அதுல போயிட்டா."

கருப்பையா வண்டிப் பக்கம் திரும்பிவிட்டார். வைக்கோல் மூட்டையைச் சாய்மானமாக அடுக்கிக்கொண்டிருந்தார். எஸ்தர் அவரைப் பார்த்தாள். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

அடுத்த பஸ் ஐந்து மணிக்குத்தான். வண்டியிலேயே காரைக்குடி ஆஸ்பத்திரிக்கு, ஐந்தரை மைல், ஒரு மணி ஐம்பது நிமிஷம். படுக்காமல் நிமிர்த்தி உட்காரவைத்ததில் விசில் சத்தம் கொஞ்சம் தணிந்தது. செபக்காரர் ஏறவில்லை. செருப்பில்லாத காலோடு வண்டிக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தார், வாய்க்குள் செபித்தபடி. நான் முன்னால் கருப்பையாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கேட்கலாமா கூடாதா என்று நான் தவிப்பதைப் பார்த்து அவரே பேசினார்.

"இருவது வருசம் ஆச்சு. வகுத்துவலின்னு கொண்டாந்தேன். ஒம்பது வயசு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவான்னு ரெண்டாம் நாளு கேட்டேன். வேணாம், விசுவாசமா இரும்னு சொன்னாக. மூணா நாளும் கேட்டேன். நாலாம் நாளு விடியல்ல தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்."

மாடுகள் நடந்துகொண்டிருந்தன. எஸ்தர் கூண்டுக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கொட்டாயப் பூட்டிட்டாரு. ஆறு மாசம் யாரு கண்ணுலயும் படல. அப்புறம் ஒரு நா எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னாரு. வெட்டிப் போடணும்னுதேன் இருந்துச்சு எனக்கு. மன்னிச்சுக்கன்னு கேட்டிருந்தா வெட்டியிருப்பேன். அவரு கேக்கல. 'கொட்டாயத் தொறக்கப் போறேன். செபம் பண்ண உக்காந்தா எனக்கு நேரம் தெரியாது. நீ வந்து வாசல்ல இரு. போதும்னு ஒனக்குத் தோணுனா வண்டியப் பூட்டு, என்னக் கேக்காத'ன்னாரு."

"நீங்கள் உடனே ஒத்துக்கொண்டீர்களா?"

"எங்க? ரெண்டு மாசம் கழிச்சுப் போனேன். எம் பொண்டாட்டிதேன் போகச் சொன்னா. இன்னொரு வீட்டுப் பிள்ளைக்குக் கேக்க ஆளு வேணும்ல."

சபையார் இதைக் கேள்விப்பட்டு வந்து, உமக்கு விசுவாசம் போதாது என்று செபக்காரருடைய பட்டத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்களாம். "ஆமா, பத்தலதேன்" என்று சொல்லி, அவர்களுக்கும் சோறு போட்டு அனுப்பியிருக்கிறார். கூட்டம் குறைந்ததற்கு அதுதான் காரணம்.

கோவிலூரைத் தாண்டும்போது எஸ்தர் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மதுரைக்குப் போவோம். அறுக்கச் சொல்லுங்க" என்றாள். வண்டிக்குப் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தவர் அதைக் கேட்டுவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயிலும் கடுமையாகத்தான் இருந்தது.

காரைக்குடி டாக்டர் ஊசி போட்டு, ராத்திரி முழுக்கச் சாய்ந்த நிலையிலேயே வைத்திருந்தார். செபக்காரர் கஞ்சி கொண்டுவந்தார். மறுநாள் டாக்டரின் கடிதத்தோடு ரயில். எட்டாம் நாள் மதுரையில் ஆபரேஷன். ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. பதினொரு நாள் அவளுக்குக் காற்றுதான் வந்தது, குரல் இல்லை. சிலேட்டில் எழுதிக் காட்டுவாள். பன்னிரண்டாம் நாள் காலையில் காப்பி ஆறிப்போயிற்று என்று யாரோ கரகரத்த குரலில் சொன்னார்கள். திரும்பிப் பார்த்தேன். அவள்தான்.

பங்குனிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் இருவரும் போனோம், இந்த முறை நோயாளியாக இல்லாமல். கொட்டகையில் சாட்சி சொல்லச் சொன்னார்கள். எஸ்தருக்குப் பேச வரவில்லை, பாடினாள். முதல் குரல் போய்விட்டது. மேலே எட்டாது. கீழே, அடிக்குரலில், கொஞ்சம் மணல் கலந்தாற்போல ஒரு புதுக் குரல். பாடி முடித்தபோது அவளுக்கே அது பிடித்திருந்தது என்பது முகத்தில் தெரிந்தது.

சாப்பிடும்போது நான் செபக்காரரிடம் ஒரு விஷயம் சொன்னேன். ரங்கூனில் அவருக்கு வந்தது தீட்டின அரிசியால் வருகிற நோயாக இருக்கும், ஜெபவீட்டில் கைக்குத்தல் அரிசி போட்டிருப்பார்கள், அதில் சரியாகியிருக்கும் என்று மதுரை டாக்டர் சொன்னதை.

"ஆமா, சிவப்பரிசிதேன் போட்டாக" என்று யோசித்தார். பிறகு சிரித்தார். "போட்டது யாரு? என்னத் தூக்கிட்டுப் போனது யாரு? அதத்தேன நானும் சொல்றேன்."

அதற்கு மேல் நான் வாதாடவில்லை. துவையல் அவ்வளவு நன்றாக இருந்தது.

திரும்பும்போது விலக்கில் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். எஸ்தர் கருப்பையாவிடம் மகளின் பெயரைக் கேட்டாள்.

"வள்ளி" என்றார். மாட்டின் கழுத்துக் கயிற்றைச் சரிசெய்துவிட்டு, "இருந்தா ஒங்க வயசு இருக்கும்" என்றார். எஸ்தருக்கு இருபத்தொன்பது. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் வந்து நின்றபோதும் விடவில்லை. ராவுத்தர் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. இருவருக்குப் போய்வர ரயிலுக்கும் பஸ்ஸுக்குமாக ஆறு ரூபாய் போதும். ஜட்காவுக்குப் பேரம் பேசுங்கள். கொட்டகையில் பாய் தருவார்கள், போர்வை நீங்கள் கொண்டுபோக வேண்டும். காணிக்கை வாங்கமாட்டார்கள். அரிசி கொண்டுபோனால் வாங்கிக்கொள்வார்கள், கைக்குத்தலாக இருந்தால் நல்லது. சனிக்கிழமை போகாதீர்கள், பிள்ளையார்பட்டிக் கூட்டத்தில் பஸ்ஸில் இடம் கிடைக்காது. எந்த மதத்தார் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. டாக்டரின் சீட்டு இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள், ஒளிக்க வேண்டாம்.

குணமாகிறதா என்று கேட்டவர்களுக்கு இவ்வளவுதான் சொல்வேன். உங்கள் நோவை முதலில் வண்டிக்காரர் கருப்பையாவிடம் ஒன்றுவிடாமல் சொல்லுங்கள், அதற்குப் பிறகு செபக்காரரிடம். கருப்பையா மாட்டைப் பூட்டிவிட்டால், மறுபேச்சுப் பேசாமல் ஏறிக்கொள்ளுங்கள்.